சொல்லும் பொருளும்: ரேடியோ



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, முதல் திருப்பலி முடிந்து வெளியே வந்த நம்மை, நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பேத்தியின் தேர்வுத் தாளும் கையுமாக மறித்தார். தமிழ்த் தேர்வில், படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுமாறு கேட்டிருக்கிறார்கள். குழந்தை 'ரேடியோ' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து, 'வானொலி' என்று மேலே எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். "நாங்க பொறந்ததுல இருந்து ரேடியோன்னு தானுங்க சாமி சொல்றோம். அது தப்புங்களா?" என்பது மூதாட்டியின் கேள்வி.

தமிழ்த் தேர்வில் தமிழ்ச் சொல்லை எதிர்பார்ப்பது ஆசிரியரின் கடமை. அவர்மீது நமக்குக் குறையில்லை. ஆயினும் மூதாட்டி கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமன்று. தாம் ஆயுள் முழுவதும் வழங்கிய ஒரு சொல் பிழையா என்று கேட்டார். அக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. ஆகவே இம்மாதம் அச்சொல்லின் பிறப்பையும் வளர்ப்பையும் வாசகர்களோடு சேர்ந்து ஆராயலாம் என எண்ணுகிறோம்.

குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாள்களில் 'ராதியுஸ்' என்றொரு சொல்லைப் பாடம் செய்தோம். 'ரேடியோ' பிறந்தது இச்சொல்லிலிருந்துதான். அதற்கு அகராதியில் ஒரு பொருளன்று, பல பொருள்கள் கண்டிருந்தன. முதற்பொருள் கோல், அல்லது குச்சி. கணக்கறிஞர் மணலில் கோடு கிழிக்கும் கோலும் ராதியுஸ். தேர்ச் சக்கரத்தின் ஆரக்காலும் ராதியுஸ். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை செல்லும் அளவும் அதுவே. கதிரவனின் ஒளிக்கதிருக்கும் அதே பெயர். நம் முன்கையில் இணையாக ஓடும் இரண்டு எலும்புகளுள் கட்டைவிரல் பக்கத்து எலும்பையும் மருத்துவர் இன்றுவரை அப்பெயராலேயே குறிக்கின்றனர்.

இவற்றோடு இன்னொரு பொருளும் உண்டு. தறியில் பாவுக்கு நடுவே ஊடை நூலைச் சுமந்துகொண்டு இப்புறமும் அப்புறமும் ஓடுகிறதே நாடா, அதற்கும் உரோமையர் இட்ட பெயர் ராதியுஸ்தான்! இளம்பிள்ளையிலும் அம்மாப்பேட்டையிலும் நாள்தோறும் நாடாவின் ஓசையைக் கேட்டு வாழும் சேலத்து மக்களுக்கு, அந்த இலத்தீன் சொல் அப்படியொன்றும் அந்நியமானதன்று.

தமிழும் ஏறத்தாழ இதே வழியில் நடந்திருப்பது நமக்கு வியப்பளிக்கிறது. வண்டிச் சக்கரத்தில் குடத்துக்கும் வட்டைக்கும் இடையே நிற்பது ஆரக்கால். பள்ளிக் கணக்கில் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள தொலைவு ஆரம். உரோமையர் வண்டிச் சக்கரத்திலிருந்து எடுத்ததை நம்மவரும் வண்டிச் சக்கரத்திலிருந்தே எடுத்தனர். இனிக் 'கதிர்' என்ற சொல்லைப் பாருங்கள். கதிரவனின் கிரணமும் கதிர். சோளத் தட்டையின் உச்சியில் விளைவதும் கதிர். இராட்டையில் நூலைச் சுற்றிக்கொண்டு சுழலும் மெல்லிய கம்பியும் கதிர். இலத்தீனில் ஒளிக்கும் தறியின் நாடாவுக்கும் ஒரே சொல். தமிழில் ஒளிக்கும் இராட்டையின் கம்பிக்கும் ஒரே சொல். ஒருவரையொருவர் கேட்டுச் செய்ததன்று இது. ஒளியைக் கையால் பிடிக்க முடியாத மனிதன், தன் கையில் அன்றாடம் புழங்கிய மெல்லிய, நேரான பொருளின் பெயரை அதற்குக் கடன் கொடுத்திருக்கிறான்.

நற்கருணை ஆசீரின்போது பீடத்தில் நாம் காணும் பாத்திரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் வெண்ணிற அப்பம். அதனைச் சூழ்ந்து எத்திசையிலும் விரிந்து செல்லும் பொற்கோல்கள். அதனைக் கதிர்ப்பாத்திரம் என்று நம் முன்னோர் அழகாக அழைத்தனர். ராதியுஸ் என்ற சொல்லின் பொருளை விளக்க இதைவிடத் தெளிவான படம் வேண்டுவதில்லை.

இச்சொல்லின் பிள்ளைகள் நாமக்கல்லில் எத்தனை பேர் குடியிருக்கின்றனர் என்பதையும் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. லாரிக் கூடு கட்டும் பட்டறை எதற்கும் சென்று பாருங்கள். இயந்திரத்தின் வெப்பத்தை வெளியே வீசும் ரேடியேட்டர் அங்கே உண்டு. ரேடியல் டயர் உண்டு. அதனுள் இழைகள் ஆரக்கால்களைப் போல ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குறுக்கே செல்வதால் அதற்கு அப்பெயர். லாரியின் பின்புறம் இரவில் பளபளக்கும் எழுத்துகளை ஒட்டித் தருபவர் கடையில் 'ரேடியம்' என்ற பலகை தொங்கும். அந்தத் தாளில் கடுகளவு ரேடியமும் கிடையாது. வண்டி விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் அது, அவ்வளவே. 1898இல் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் கண்டறிந்த தனிமம் ஒன்றுக்கு, அது கதிர் வீசுவதால் இட்ட பெயர், சுற்றிச் சுற்றி நம் ஊர் லாரியில் வந்து ஒட்டிக்கொண்டது. பட்டறையில் பணியாற்றும் நம் இளைஞருக்கு இலத்தீன் தெரியாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை!

அது கிடக்கட்டும். கோலாகவும் கதிராகவும் இருந்த சொல், பேசும் பெட்டிக்குப் பெயரானது எவ்வாறு?

தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல், 1880இல் தம் துணைவர் தெய்ண்டருடன் சேர்ந்து, கதிரவனின் ஒளிக்கற்றைமீது மனிதக் குரலை ஏற்றி அனுப்பிக் காட்டினார். அக்கருவிக்கு 'ஃபோட்டோஃபோன்' என்று பெயர் சூட்டினார். விரைவிலேயே 'ரேடியோஃபோன்' என்ற பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. 'கதிர்வழிக் குரல்' என்பது பொருள். அப்போது அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையே குறித்தது. கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளும் ஒளியின் இனத்தைச் சேர்ந்தவையே, அதே வேகத்தில் செல்பவையே என்று மாக்ஸ்வெல் என்ற அறிஞர் 1860களிலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். ஜெர்மானியரான ஹெர்ட்சு 1887, 1888ஆம் ஆண்டுகளில் அவ்வலைகளை உண்டாக்கியே காட்டிவிட்டார். அலையும் ஒளியும் ஓரினம் என்றான பின்னர், 'கதிர்' என்ற பெயர் அலைக்கும் பொருந்துவதாயிற்று.

அவ்வலைகளை உணர்ந்து பிடிக்கும் குழாய் ஒன்றை 1890இல் செய்தவர் எதுவார் பிரான்லி. கண்ணாடிக் குழாயில் உலோகத் துகள்களை இட்டார். அலை வந்து பட்டதும், அதுவரை மின்சாரத்தை வழிமறித்து நின்ற துகள்கள் அதற்கு வழிவிட்டன. இதற்கு அவர் இட்ட பெயர் 'ரேடியோ கண்டக்டர்', அதாவது கதிர்பட்டால் மின்னைக் கடத்துவது. மின்காந்த அலையோடு 'ரேடியோ' என்ற முன்னொட்டு சேர்ந்த தொடக்கப் பெயர்களுள் இது ஒன்று. பிரான்லி ஆசிரியராக இருந்தது பாரிசு மாநகரின் கத்தோலிக்கக் கல்விக்கழகத்தில் என்பதை அறிய நம் வாசகர்கள் மகிழ்வார்கள். நம் நாட்டிலும் 1895இல் கல்கத்தாவில், கம்பியின்றியே தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார் ஜகதீச சந்திர போஸ். அவருக்கு இயற்பியலில் ஆர்வம் ஊட்டிய ஆசான், அந்நகரத்துத் தூய சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குரு லபோன் அடிகளார்.

மார்க்கோனியின் கருவிகள் கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லத் தொடங்கியபோது, ஆங்கிலேயர் அதனை 'ஒயர்லெஸ்' என்றனர். நம்மவர் அதனையே மொழிபெயர்த்துக் 'கம்பியில்லாத் தந்தி' என்றனர். இருப்பதைச் சொல்லாமல், இல்லாததைச் சொல்லும் பெயர் அது. 1906இல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மாநாட்டின் விதிகள், இவ்வகைச் செய்திகளின் தலைப்பில் 'ரேடியோ' என்று குறிக்க வேண்டும் என்றன. 1912இல் அமெரிக்கக் கடற்படை 'ஒயர்லெஸ்' என்பதை விடுத்து 'ரேடியோ' என்பதை ஏற்றது. முன்னொட்டாக இருந்தது இவ்வாறு தனிச் சொல்லாயிற்று. ஆங்கிலேயரோ அதன்பின்னும் நெடுங்காலம் தம் பழைய சொல்லை விடவில்லை.

சென்னை மாநகரில் கிருஷ்ணசாமி செட்டியார் என்ற பொறியாளரின் முயற்சியால் 1924இல் ஓர் ஒலிபரப்புக் கழகம் தொடங்கியது. அதன் பெயரிலேயே 'ரேடியோ' இடம்பெற்றது: மதராஸ் மாகாண ரேடியோ கிளப். பணமின்றி 1927இல் அது ஓய்ந்தபோது, அதன் கருவி சென்னை மாநகராட்சிக்குச் சென்றது. மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பி வந்தது. ஆகவே மூதாட்டியின் சொல் தமிழ்நாட்டில் நூறாண்டுகளைக் கடந்துவிட்டது. நூறாண்டு ஒரு வீட்டில் வாழ்ந்தவரை விருந்தினர் என்று யாரும் சொல்வதில்லை.

அரசின் ஒலிபரப்புத் துறைக்கு முதலில் நீண்டதோர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அத்துறைக்குத் தலைமை ஏற்ற பீல்டன் என்ற ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. அரசப் பிரதிநிதி லின்லித்கோவிடம் விருந்தொன்றில் பேச்சுக் கொடுத்து, 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை அவர் வாயாலேயே வரவழைத்ததாகப் பீல்டன் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அப்பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் 'காற்று' என்றாகும். 1936 ஜூன் 8ஆம் நாள் முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. 1938இல் சென்னை நிலையமும், 1939இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் அப்பெயரோடு தோன்றின.

இனி நம் அண்டை மொழியினர் என்ன செய்தனர் என்று பார்ப்போம். வங்காளியர் 'பேதார்' என்றனர். கம்பியற்றது என்பது பொருள். சிங்களர் 'குவன் விதுலி' என்றனர். வானும் மின்னும் சேர்ந்த சொல் அது. மைசூரில் கோபாலசுவாமி என்ற உளவியல் பேராசிரியர் 1935இல் தம் இல்லத்திலேயே சிறிய நிலையம் ஒன்றை அமைத்து, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டார். புராணங்களில் வரும் அசரீரி வாக்கு அது. யோர்தான் ஆற்றங்கரையில் வானத்திலிருந்து கேட்ட குரலை எண்ணினால், இப்பெயரின் கம்பீரம் நமக்கும் விளங்கும். 1957 முதல் நடுவண் அரசு அதனையே தன் ஒலிபரப்புத் துறைக்குரிய பெயராக ஏற்றுக்கொண்டது.

தமிழர் தேர்ந்தது 'வானொலி'. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சி இதழுக்கும் அதுவே பெயராயிற்று. 'ரேடியோ'வை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் 'கதிரொலி' என்றிருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல், கேட்பவன் தன் முற்றத்தில் நின்றுகொண்டு, 'இது வானிலிருந்து வரும் ஒலி' என்று சொல்வதுபோல் பெயரிட்டனர். இதில் குற்றம் காண்பாரும் உண்டு. வானில் ஒலியே கிடையாது, அலைதான் உண்டு, ஒலி பிறப்பது பெட்டிக்குள்ளேதான் என்பர் அறிவியலார். அது மெய்யே. ஆனால் 'வான்' என்பது வெற்று அலங்காரமன்று. பகலில் மத்திய அலை பெரும்பாலும் தரையைத் தழுவியே செல்கிறது. அதனால் அருகிலுள்ள நிலையங்களே தெளிவாகக் கேட்கும். இரவிலோ, மிக உயரத்தில் உள்ள மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு அவ்வலையைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் பகலில் வாய் திறவாத தொலைவூர் நிலையங்கள், இரவு உணவுக்குப் பின் நம் வீட்டுத் திண்ணையில் வந்து பேசின. சிற்றலை பகலிலும் இரவிலும் இவ்வாறே கடல் கடந்து வந்தது. அவ்வொலி மெய்யாகவே வானைத் தொட்டுவிட்டுத்தான் நம்மிடம் இறங்கியது.

நான்கு பெயர்கள், பெயரிட்டவர் நின்ற நான்கு இடங்கள். 'ரேடியோ' என்றவர், அலை புறப்படும் கம்பத்தின் அடியில் நின்று, அது ஆரக்கால்போல் எத்திசையும் விரிவதைக் கண்டார். 'பேதார்' என்றவர் தந்திக் கம்பியைத் தேடிக் காணாமல் வியந்தார். 'வானொலி' என்றவர் முற்றத்தில் நின்று கேட்டார். 'ஆகாசவாணி' என்ற பெயரோ பேசுபவரை மேலே அமர்த்துகிறது. அசரீரிக்கு மறுமொழி சொல்லும் வழக்கம் எந்தக் கதையிலும் இல்லை. கேட்டுக் கீழ்ப்படிவதே வழக்கம். தமிழ்நாட்டில் இப்பெயருக்கு எதிர்ப்பு எழுந்தபோதெல்லாம் அதனை மொழிச் சண்டை என்று மட்டும் பலர் கருதினர். 2023 மே மாதத்தில், 'ஆல் இந்தியா ரேடியோ' என்பதை விடுத்து 'ஆகாசவாணி' என்றே எங்கும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோதும் இங்கே மறுப்புக் குரல் கேட்டது. மொழிப்பற்று அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கருவிக்குக் கேட்பவர் பெயரிடுவதா, பேசுபவர் பெயரிடுவதா என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருந்தது என்பது நம் கருத்து. நாமோ கேட்பவர் பக்கம்.

ஏனெனில் அந்தப் பெட்டியை அசரீரியாகக் கொண்டாடிய காலத்தையும் நாம் அறிவோம். 1970களில் நம் சிற்றூரில் ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய சிறு அறையில் ஒரு பெட்டி இருந்தது. 'ரேடியோ ரூம்' என்றே அதற்குப் பெயர். மாலையில் திருச்சி அல்லது கோவை நிலையத்தைத் திருப்பிவிட்டு, அறைக்குப் பொறுப்பானவர் பூட்டிக்கொண்டு போய்விடுவார். வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்து பெரியவர்கள் கேட்பார்கள். எந்த வாக்குவாதமும் "ரேடியோவிலேயே சொல்லிட்டாங்க" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். அலைபேசியில் வந்த செய்தியை இன்று நம் குடும்பங்களில் அதே பணிவோடு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதைப் பார்க்கும்போது, பெட்டிதான் மாறியிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஒலியைப் பரப்புவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பிராட்காஸ்ட்' என்ற சொல்லும் முதலில் உழவருடையதே. மடியில் விதையைக் கட்டிக்கொண்டு, கையால் அள்ளி அகல வீசி விதைப்பதற்கு அது பெயர். மானாவாரி நிலத்தில் அவ்வாறு விதைத்தவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். வீசிய விதையில் எது பாறையில் விழும், எது முள்ளில் விழும் என்பது விதைப்பவன் கையில் இல்லை. விதைப்பவர் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதன்று.

அப்படி விழுந்த விதை ஒன்று மெய்யாகவே நெல்லாக முளைத்தது. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் வந்தது. அதன் சாகுபடி முறையைத் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு விடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சை உழவர் கேட்டார்கள், பயிரிட்டார்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் அவர்கள் நாவில் நிற்கவில்லை. 'ரேடியோ நெல்' என்று தாங்களே பெயரிட்டுவிட்டார்கள். உரோமையனின் கோல் காவிரிக் கரையில் கதிராக விளைந்தது! இதற்கு எந்தச் சிவப்பு மையும் அடிக்கோடிட முடியாது.

திருச்சபையும் இக்கருவியை முன்னதாகவே ஏற்றுக்கொண்டது. மார்க்கோனியே முன்னின்று அமைத்த வத்திக்கான் நிலையத்தை, 1931 பிப்ரவரி 12ஆம் நாள் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் தொடங்கிவைத்தார். அவர் உலக மக்கள் அனைவரையும் விளித்துப் பேசிய மொழி இலத்தீன். தாய்மொழியில் பிறந்த கருவிப் பெயரை, அத்தாய்மொழியே அன்று அலையில் ஏறி வந்து வாழ்த்தியது எனலாம். பின்னாளில் பிலிப்பைன்சு நாட்டிலிருந்து, இலத்தீனில் 'உண்மை' என்று பொருள்படும் வெரித்தாஸ் என்ற பெயரோடு ஒரு நிலையம் 1969இல் எழுந்தது. அதன் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்ட குடும்பங்கள் நம் மறைமாவட்டத்தில் பல. அவர்கள் அதனை 'வெரித்தாஸ் வானொலி' என்றே அழைத்தனர், பாதி இலத்தீன், பாதி தமிழ், இரண்டும் இடித்துக்கொள்ளவில்லை. 2018இல் அது சிற்றலையை விட்டு இணையத்துக்குச் சென்றது.

இப்போது இளைஞர்கள் 'ரேடியோ' என்றும் சொல்வதில்லை, 'வானொலி' என்றும் சொல்வதில்லை, "எஃப்.எம். போடு" என்கிறார்கள். அலையின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் ஒலியை ஏற்றும் ஒரு முறைக்கு உரிய பெயர் அது. நிகழ்ச்சிக்கும் நிலையத்துக்கும் அதுவே ஆகிவிட்டது. பழைய சொல் முற்றிலும் போய்விடவில்லை. நம் சிற்றூர்களில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் கூம்பு ஒலிபெருக்கி கட்டுபவருக்கு இன்றும் 'ரேடியோ செட்டுக்காரர்' என்றுதான் பெயர். அவருடைய கருவியில் வானிலிருந்து எதுவும் வருவதில்லை. பெட்டியிலிருந்து ஒலிபெருக்கிவரை முழுக்க முழுக்கக் கம்பிதான். அடுத்த மாதக் கொடியேற்றத்துக்கு அவருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.